நெகிழ்வான வகுப்பறையில் கூடுதல் தேவை உள்ள மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது எப்படி?

இரண்டு அல்லது மூன்று வகுப்புகளை ஒரே பெரிய கூடத்தில் அமர்த்துவது, சக்கரம் பொருத்திய மேசைகளை வேலைக்கேற்ப நகர்த்துவது, பல ஆசிரியர்கள் சேர்ந்து கற்பிப்பது, எங்கு உட்காருவது, எதை முதலில் செய்வது என்பதை மாணவரிடமே விடுவது ஆகியவை நெகிழ்வான வகுப்பறையின் பொது அடையாளங்கள். இத்தகைய வகுப்பறை எல்லா மாணவருக்கும் இயல்பாகவே பொருந்திவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது பாதி உண்மை. ஒரே நாற்காலியில் நாற்பது நிமிடம் அசையாமல் இருக்க இயலாத சிறுவனுக்கு நின்றபடி எழுத ஒரு உயரமான மேசை கிடைப்பது பெரிய விடுதலை. ஆனால் அதே கூடத்தில் பார்வையற்ற மாணவிக்கு நேற்று இருந்த வழி இன்று இல்லை. காது கேட்கும் கருவி அணிந்தவருக்கு மூன்று ஆசிரியர்களின் குரல்களும் ஒன்றாகக் குழம்புகின்றன. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் மட்டுமே அமைதியாக இருக்கக்கூடிய ஆட்டிசம் உள்ள மாணவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் புதிய புதிராக வந்து நிற்கிறது.

எனவே இத்தகைய கூடத்தைத் திட்டமிடும் ஆசிரியர்கள் எவற்றை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன், எவை மாறக்கூடாது என்பதை மாணவர்வாரியாக முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு மாறாத இருக்கை, ஒருவருக்கு மாறாத வழி, ஒருவருக்கு மாறாத ஆசிரியர், இன்னொருவருக்கு மாறாத அமைதி நேரம் என்று சில புள்ளிகளை ஊன்றிய பிறகு மற்றவற்றைத் தாராளமாக நெகிழவிடலாம். இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே சான்று. 1960களிலும் 1970களிலும் பல நாடுகளில் சுவரில்லாப் பள்ளிகள் உற்சாகமாகக் கட்டப்பட்டன. இரைச்சலையும் கவனச் சிதறலையும் தாங்க முடியாமல், அவற்றில் பல பின்னாளில் தடுப்புச் சுவர்களை எழுப்பிக்கொண்டன.

ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உள்ளடக்கிய கல்வியை உரிமையாக வைக்கிறது. அப்பிரிவுக்கு 2016ஆம் ஆண்டு தரப்பட்ட விளக்கம் இன்னும் கூர்மையானது: பாடமுறையையும் அமைப்பையும் மாற்றாமல் மாணவரைப் பொது வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைப்பது மட்டும் உள்ளடக்கம் ஆகாது. ஒரே கூரையின் கீழ் இருப்பதையே சேர்த்துக்கொண்டதற்கு அடையாளமாகக் கொள்ளும் பள்ளிகள் இவ்வரியை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் மாணவரை அறிதல்

மருத்துவச் சான்றிதழில் உள்ள பெயரிலிருந்து திட்டமிடத் தொடங்க வேண்டாம். ஆட்டிசம் என்ற ஒரே பெயரின் கீழ் ஒருவர் சிறு ஓசைக்கும் காதைப் பொத்திக்கொள்வார். மற்றொருவர் தாமே ஓசை எழுப்பித் தம்மை அமைதிப்படுத்திக்கொள்வார். இருவருக்கும் ஒரே ஏற்பாட்டைச் செய்தால் ஒருவருக்காவது அது தீங்காக முடியும்.

அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே ஒரு பக்கத்தில் அடங்கும் குறிப்பைத் தயாரியுங்கள். அவர் எப்படித் தம் கருத்தைத் தெரிவிக்கிறார், சோர்வோ பதற்றமோ தொடங்கும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன, அப்போது எது உதவுகிறது, எதைச் செய்யவே கூடாது, எந்தக் கருவி எப்போதும் அருகில் இருக்க வேண்டும், அவருக்கு எதில் திறமை என்பவை அதில் இருந்தால் போதும். பெற்றோரிடமும் முந்தைய ஆசிரியரிடமும் கேட்பது போலவே மாணவரிடமும் கேட்க வேண்டும். பேசாத மாணவராக இருந்தால், கூடத்தின் பல மூலைகளைப் படமெடுத்துக் காட்டி, பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் பிரித்து வைக்கச் சொல்லலாம். பதிலியாக வரும் ஆசிரியர் உடனே எடுத்துப் படிக்கும்படி அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஆனால் சுவரில் ஒட்டக்கூடாது, ஏனெனில் அது அம்மாணவரின் தனிப்பட்ட செய்தி.

அடுத்து, ஒரு நாள் முழுவதும் அவரைப் பின்தொடர்ந்து, கால் மணிக்கு ஒரு முறை அவர் எங்கே, யாருடன், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எழுதிவைக்க ஓர் ஆசிரியரை நியமியுங்கள். சிக்கல் பாடத்தில் இருப்பதாக நினைத்திருப்போம். குறிப்பேட்டைப் பார்த்தால் பாதிச் சிக்கல் ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் சில நிமிடங்களில் குவிந்திருக்கும். நெகிழ்வான கூடத்தில் இத்தகைய மாற்றங்கள் அதிகம் என்பதால் அந்த நிமிடங்களும் அதிகம்.

ஒலி: முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல்

பணமும் நேரமும் குறைவாக இருந்தால் இரண்டையும் முதலில் ஒலிக்கே செலவிடுங்கள். காது கேட்கும் கருவி குரலை மட்டும் பெரிதாக்குவதில்லை; நாற்காலி இழுபடும் ஓசை, மின்விசிறியின் இரைச்சல், பக்கத்துக் குழுவின் சிரிப்பு என அனைத்தையும் அது பெரிதாக்குகிறது. ஒலி வெளியில் பரவும்போது தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. அறைக்குள் சுவர்களில் மோதித் திரும்பும் எதிர்முழக்கம் அந்த இழப்பை ஓரளவு நிரப்பினாலும், அது தெளிவற்ற ஒலி; மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். கேட்டல் குறைபாடு உள்ள மாணவருக்கு ஆசிரியரின் குரல், பின்னணி இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலோங்கி இருக்க வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. அமெரிக்கத் தரநிலை ஒன்று, 283 கன மீட்டர் வரையுள்ள வகுப்பறையில் ஆளில்லாத நேரத்துப் பின்னணி இரைச்சல் 35 டெசிபலையும் ஓசை அடங்க எடுக்கும் எதிர்முழக்க நேரம் 0.6 விநாடியையும் தாண்டக்கூடாது என்கிறது. பெரிய திறந்த கூடங்கள் இந்த எல்லைகளை எளிதில் மீறிவிடுகின்றன.

இதனால் பாதிக்கப்படுவோர் கருவி அணிந்தவர்கள் மட்டும் அல்லர். நடுச்செவியில் நீர் கோத்துத் தற்காலிகமாகக் கேட்டல் குறைந்த குழந்தைகள், கற்பிக்கும் மொழியை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள், கவனத்தை ஒருமுகப்படுத்தத் திணறும் ஏடிஎச்டி உள்ளவர்கள் ஆகியோரும் இரைச்சலில் பேச்சைத் தவறவிடுகிறார்கள். பெரியவர்கள் விடுபட்ட சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். சொல்வளம் இன்னும் வளராத குழந்தைக்கு ஊகிக்க எதுவும் இருக்காது.

ஆளில்லாத கூடத்தில் நின்று பலமாக ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். ஓசை அப்போதே அடங்காமல் இழுபட்டால் கூரையும் சுவரும் ஒலியை உறிஞ்சவில்லை என்று பொருள். ஒலி உறிஞ்சும் கூரைப் பலகைகளே மிகுந்த பலன் தருபவை. அவற்றுக்கு வழியில்லையென்றால் தரைவிரிப்பு, கனமான திரைச்சீலை, சுவரில் துணி போர்த்திய மென்பலகை, நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். கைப்பேசியில் கிடைக்கும் ஒலியளவுச் செயலிகளின் எண்களைத் துல்லியம் என்று நம்பாமல், முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆனால் எந்தப் பொருளையும்விட வலிமையானது கால அட்டவணை. கூடத்தைப் பகிரும் ஆசிரியர்கள் வாரத் தொடக்கத்தில் ஒன்றாக அமர்ந்து, ஒருவர் நேரடியாக விளக்கும் நேரத்தில் மற்றவர்களின் குழுக்கள் உரத்த வேலையில் இறங்காதபடி அட்டவணையைப் பொருத்த வேண்டும். பேசாமல் வேலை செய்யும் நேரங்களை நாளில் இரண்டு முறையாவது நிலையாக வைத்து, எந்தக் காரணத்துக்காகவும் அவற்றை நகர்த்தாதீர்கள். செலவில்லாத இந்த ஏற்பாட்டைச் செய்யாமல் தரைவிரிப்பு வாங்குவதில் பொருளில்லை.

ஆசிரியர் அணியும் ஒலிவாங்கியிலிருந்து மாணவரின் கருவிக்கு நேரடியாகக் குரலை அனுப்பும் கம்பியில்லா அமைப்பு இருந்தால், அதைக் கூடத்தில் உள்ள எல்லா ஆசிரியர்களும் இயக்கப் பழக வேண்டும். குழு உரையாடலில் ஒலிவாங்கியைப் பேசுபவர் கையில் கொடுத்து நகர்த்துங்கள்; அது முடியாவிட்டால் மாணவர்களின் பதிலை ஆசிரியர் திருப்பிச் சொல்ல வேண்டும். வேறொரு மாணவருடன் தனியாகப் பேசும்போது ஒலிவாங்கியை அணைக்க மறவாதீர்கள். பலகையில் எழுதிக்கொண்டே பேசுவதும், சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று முகத்தை நிழலில் மறைப்பதும் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவரின் வாயிலை அடைத்துவிடும்.

ஓசையைத் தாங்க முடியாத மாணவருக்குக் காதுறைகள் உதவும். நாள் முழுவதும் அவற்றை அணிந்தே இருந்தால் சாதாரண ஓசைகூட மேலும் உறுத்தத் தொடங்கலாம் என்பதால், எந்த நேரங்களில் அணிவது என்பதை அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபி வல்லுநருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

இடமும் வழியும்

சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலமும், முழுவதுமாகத் திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டமும் தேவை. மேசையின் அடியில் முழங்கால் நுழைய 70 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். சிறு குழந்தைகளின் நாற்காலிகளுக்கு அளந்து பார்ப்பதே சரி. இந்த அளவில் ஒரே ஒரு மேசையைக் கதவோரம் போட்டுவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுவது பல இடங்களில் நடக்கிறது. மற்றவர்கள் நாள் முழுவதும் இடம் மாறிக்கொண்டிருக்க, அந்த மாணவர் மட்டும் கதவோரத்திலேயே இருப்பார். ஒவ்வொரு பகுதியிலும் அவருக்குப் பொருந்தும் ஒரு மேசை இருந்தால்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற சொல் அவருக்கும் பொருந்தும். படிக்கட்டு இருக்கைகளும் தரையில் போடும் பஞ்சு மூட்டைகளும் இதே சிக்கலைக் கொண்டுவருபவை. எல்லாரும் தரையில் வட்டமாக அமர, அவர் மட்டும் தலைக்கு மேலே உயர்ந்து தெரியும் அமைப்பை விட்டுவிட்டு, குழு முழுவதையும் நாற்காலியில் அமர்த்துங்கள்.

பார்வையற்ற அல்லது மங்கிய பார்வையுள்ள மாணவருக்குக் கூடத்தின் முதன்மை வழிகள் புனிதமானவை. வாசலிலிருந்து அவர் இருக்கைக்கும், அங்கிருந்து கழிப்பறைக்கும் செல்லும் பாதையைத் தரையில் தொட்டுணரக்கூடிய, நிறத்தாலும் பளிச்சென்று வேறுபடும் பட்டையால் குறித்து, அதன்மேல் பையோ நாற்காலியோ வைப்பதில்லை என்பதை வகுப்பின் விதியாக்குங்கள். அலமாரி, கைகழுவும் தொட்டி போன்ற இரண்டு மூன்று பெரிய பொருள்களை ஆண்டு முழுவதும் நகர்த்தாமல் வைத்தால், அவற்றை அடையாளமாகக் கொண்டு அவர் மற்ற இடங்களைக் கண்டறிவார். மேசைகளை மாற்றி அமைத்த நாளில், மற்றவர்கள் வருவதற்கு முன் அவரை அழைத்துச் சென்று புதிய அமைப்பைக் கையாலும் கோலாலும் அறிய நேரம் கொடுங்கள். கண்ணாடித் தடுப்புகளில் கண் உயரத்தில் மாறுபட்ட நிறத்தில் பட்டை ஒட்டுவது அனைவரின் நெற்றிக்கும் நல்லது.

சுவர்களைப் பற்றி ஒரு சொல். 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சுவர் முழுக்கப் படங்கள் ஒட்டிய அறையில் இருந்த மழலையர் வெறுமையான அறையில் இருந்ததைவிட அதிகம் கவனம் சிதறி, குறைவாகக் கற்றனர். மாணவர் படைப்புகளை ஒட்டக்கூடாது என்பதில்லை; விளக்கும் ஆசிரியருக்குப் பின்னால் உள்ள சுவரை மட்டும் வெறுமையாக விட்டு, மற்றவற்றைப் பக்கச் சுவர்களுக்கு மாற்றலாம். எளிதில் கவனம் சிதறும் மாணவரின் நிலையான இருக்கை, நடைபாதைக்கும் கண்ணாடிச் சுவருக்கும் முகம் காட்டாமல் இருக்க வேண்டும்.

ஒதுங்கி அமைதியாக இருக்க ஒரு சிறு இடம் ஒவ்வொரு கூடத்திலும் வேண்டும். மங்கிய வெளிச்சம், தாழ்ந்த தடுப்பு, ஓரிரு மென்மையான இருக்கைகள், பெரியவர் ஒருவரின் பார்வை படும் தூரம் ஆகியவை போதும். அதைத் தண்டனைக்கு ஒரு முறை பயன்படுத்திவிட்டாலும் அதன் பயன் போய்விடும். எந்த மாணவரும் அங்கு செல்லலாம் என்று வைத்தால், செல்பவர்மேல் முத்திரை விழாது. பேச்சில் அனுமதி கேட்க முடியாதவர் காட்டுவதற்கு ஓர் அட்டையைக் கொடுங்கள். திரும்பி வரும்போது எந்த வேலையிலிருந்து தொடங்குவது என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பலர் திரும்பத் தயங்குவது, எங்கே தொடங்குவது என்று தெரியாததால்தான்.

தேர்ந்தெடுத்தலும் நாளின் ஓட்டமும்

தேர்வுரிமை இவ்வகுப்பறையின் பெருமை. எட்டு வேலைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் சிலர் மகிழ்வார்கள். சிலர் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி நேரத்தைக் கழித்துவிட்டுப் பதற்றமடைவார்கள். அவர்களுக்கு இரண்டை மட்டும் காட்டுங்கள். இரண்டிலும் தேர்ச்சி வந்த பிறகு மூன்றாவதைச் சேருங்கள்.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970களில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக வளர்ந்த டீச் (TEACCH) என்னும் முறை, ஒவ்வொரு வேலையும் நான்கு கேள்விகளுக்குக் கண்ணால் பார்த்துப் புரியும் விடையைத் தர வேண்டும் என்கிறது: என்ன வேலை, எவ்வளவு வேலை, முடிந்தது என்று எப்படித் தெரியும், அடுத்து என்ன. செய்ய வேண்டியவற்றை இடப்பக்கத் தட்டிலும் முடித்தவற்றை வலப்பக்கத் தட்டிலும் வைக்கும் எளிய ஏற்பாடே இந்நான்குக்கும் விடை சொல்லிவிடும். ஆட்டிசம் இல்லாத மாணவர்களும் இத்தட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்பதை எதிர்பார்த்துச் சில கூடுதலாக வைத்திருங்கள்.

நாளின் அட்டவணையைப் படங்களாக ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் காட்டுங்கள். அதில் வேலையுடன் இடமும் ஆசிரியரும் இடம்பெற வேண்டும், ஏனெனில் நெகிழ்வான கூடத்தில் மூன்றும் மாறும். திட்டம் மாறினால் அட்டவணையில் 'மாற்றம்' என்ற அட்டையை மாணவர் முன்னிலையில் வைத்து, எது போய் எது வருகிறது என்று காட்டுங்கள். இனிய மாற்றங்களுக்கும் அதே அட்டையைப் பயன்படுத்தினால் அது கெட்ட செய்தியின் அடையாளமாகிவிடாது. ஒரு வேலை முடிய ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் இருக்கையில் ஒரே வகை அறிவிப்பைக் கண்ணுக்கும் காதுக்குமாகத் தருவதையும், அதைக் கூடத்தின் எல்லா ஆசிரியர்களும் ஒரே மாதிரி செய்வதையும் உறுதி செய்யுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் தரமாகவும் வருகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். மொழியைப் புரிந்துகொள்ளவோ வாயசைக்கவோ நேரம் எடுக்கும் மாணவருக்குப் பத்து விநாடிகூடத் தேவைப்படலாம். அந்த இடைவெளியில் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டால் அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பாடத்தை வடிவமைக்கையில், அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பட்ட காஸ்ட் (CAST) என்னும் கல்வி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பொதுக் கற்றல் வடிவமைப்பு வழிகாட்டுகிறது: ஆர்வத்தைத் தூண்டவும், செய்தியைத் தரவும், கற்றதை வெளிப்படுத்தவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை முதலிலேயே அமைத்துவிடுவது. நீர்ச் சுழற்சியைப் பற்றிய பாடமென்றால், பனுவலுடன் அதைப் படித்துக் காட்டும் ஒலிப்பதிவும், கையால் தொட்டறியும் மாதிரியும் இருக்கட்டும். புரிந்ததை எழுதியோ, பேசியோ, படங்களை வரிசைப்படுத்தியோ காட்டலாம் என்று இருக்கட்டும். வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு எழுத்தின் அளவைக் குறைக்கலாம், சிந்தனையின் அளவைக் குறைக்கக்கூடாது. படப்பலகையோ பேசும் கருவியோ கொண்டு உரையாடுபவருக்கு அக்கருவி கூடத்தின் எந்த மூலையிலும், உணவு இடைவேளையிலும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பெரியவர்களின் பங்கு

மூன்று ஆசிரியர்கள் இருக்கும் கூடத்தில், மூவரும் பொறுப்பு என்று சொல்வது யாரும் பொறுப்பில்லை என்பதாக முடியக்கூடும். கூடுதல் தேவை உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பொறுப்பாசிரியரைப் பெயர் சொல்லி அறிவியுங்கள். காலையில் அம்மாணவரை வரவேற்பதும், பெற்றோருடன் பேசுவதும், அந்த ஒரு பக்கக் குறிப்பைப் புதுப்பிப்பதும் அவர் வேலை. அவர் விடுப்பில் இருக்கும் நாளுக்கு இரண்டாமவர் ஒருவரும் முடிவாகியிருக்க வேண்டும்.

உதவியாளரை மாணவர் அருகிலேயே நாள் முழுவதும் உட்கார வைப்பது அன்பான ஏற்பாடாகத் தோன்றும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல் 2009 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்று, உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற மாணவர்கள், அவர்களை ஒத்த மற்ற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறினர் என்று கண்டது. பழி உதவியாளர்மேல் இல்லை. அவர் வந்ததும் ஆசிரியர் விலகிக்கொள்வதும், ஆயத்தம் செய்ய அவருக்கு நேரம் தரப்படாததும், வேலையை முடிக்க வைப்பதே குறிக்கோளாகிவிடுவதும்தான் காரணங்களாகச் சுட்டப்பட்டன. ஆகவே கடினமான பகுதியை ஆசிரியரே அம்மாணவருக்கு நேரடியாகக் கற்பிக்கட்டும். அந்நேரத்தில் உதவியாளர் மற்றக் குழுக்களைச் சுற்றி வரட்டும். உதவி தரும்போதும் முதலில் காத்திருந்து, பிறகு சிறு குறிப்பு, பிறகு செய்து காட்டுதல் என்ற படிகளில் செல்லுமாறு பழக்குங்கள். பக்கத்தில் எப்போதும் பெரியவர் ஒருவர் இருந்தால் சக மாணவர் நெருங்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். குழுக்களை மாணவர் விருப்பத்துக்கே விட்டால் எப்போதும் ஒருவரே மிஞ்சுவார் என்பதால், குழு அமைப்பதை மட்டும் ஆசிரியர் தம் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளியேறும் ஒத்திகை

பல வாசல்கள் உள்ள கூடத்தில், பதற்றத்தில் ஓடிவிடும் இயல்புள்ள மாணவருக்கு எந்த ஆசிரியர் எந்த வாசலைக் கவனிப்பார் என்று எழுதிவைக்க வேண்டும். தீ எச்சரிக்கையின்போது சக்கர நாற்காலியில் உள்ளவரை எந்த வழியாக, யார் அழைத்துச் செல்வது, கேட்டல் குறைந்தவருக்கு ஒளியாலோ தொடுதலாலோ யார் அறிவிப்பது, எச்சரிக்கை மணியின் ஓசையில் உறைந்து நின்றுவிடுபவரை யார் நடத்திச் செல்வது என்பவை பெயரோடு குறிக்கப்படட்டும். அவர்களை ஒத்திகையிலிருந்து விலக்கி முன்கூட்டியே வெளியில் உட்கார வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். மணியின் ஓசையைப் பதிவு செய்து முதலில் மெல்லியதாகவும் பிறகு படிப்படியாக உரக்கவும் கேட்கவைத்து, மேசைகளின் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு முறை அவர்களுடன் வழியை நடந்து பாருங்கள்.